தொட்டில் கட்டில் எந்த சைஸ் வாங்கறது? ரூம் 10க்கு 9 தான் இருக்கு (கோத்தகிரி)

தேயிலைத்தளிர் | கோத்தகிரி
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இப்ப ஏழாவது மாசம், தை மாசம் டெலிவரி சொல்லிருக்காங்க. நாங்க இருக்கறது வாடகை வீடு, பழைய வீடு, படுக்கற ரூம் 10 அடிக்கு 9 அடி. அதுல ஏற்கனவே 6¼க்கு 5 கட்டில் ஒண்ணு, ஒரு இரும்பு பீரோ. இப்ப பேபி காட் வாங்கணும்னு பாத்தா ஒரு கடைல 120க்கு 60 செமீங்கறான், இன்னொரு கடைல 140க்கு 70, ஆன்லைன்ல 52 இஞ்ச்க்கு 28ன்னு போட்டிருக்கு, தலை சுத்துதுங்க. என் கொழுந்தனார் 140 சைஸ் கிஃப்ட் பண்றேங்கறாரு. எங்க அத்தை என்னடான்னா பக்கத்துல ஒரு பழைய பங்களா சாமான் ஏலத்துக்கு வந்தப்ப ஈட்டி மரத்துல ஒரு வெள்ளைக்காரன் காலத்து தொட்டில் கட்டில பாத்துட்டு 500 ரூவா அட்வான்ஸே குடுத்துட்டு வந்துட்டாங்க. நான் யார்கிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல. எந்த சைஸ் எத்தன வயசு வரைக்கும் வரும், அத மட்டும் சொல்லுங்க போதும்.

ஊட்டிமாப்ள | ஊட்டி
140 வாங்குங்க, ஓசில வருதுல்ல. 4, 5 வயசு வரைக்கும் தாங்கும். 120 வாங்குனா மூணு வயசுல மறுபடி செலவு. முடிஞ்சது மேட்டர்.

கொடைக்குளிரு | கொடைக்கானல்
மாப்ள அவ்ளோ ஈசியா முடிச்சுப்புட்டீங்களே. ரூம் அளவ படிச்சீங்களா இல்லையா?

தளிர், கணக்கு இதான். பொறக்கும்போது புள்ள ஏறக்குறைய 50 செமீ இருக்கும், ஒரு வயசுல 75 பக்கம், ரெண்டு வயசுல 85, 87 அப்படி. அதனால 120 நீள மெத்தை ரெண்டரை மூணு வயசு வரைக்கும் தாராளம். 140 இன்னும் ஒன்றரை ரெண்டு வருசம் கூட ஓடும், ஆனா அதுக்கு முன்னாடியே புள்ள கம்பிய புடிச்சு ஏறி வெளிய குதிக்க பாக்கும், அப்பறம் அது காட் கிடையாது, பக்கத்த கழட்டிட்டு சின்ன கட்டிலா போடணும். அமெரிக்காவுல புள்ள உயரம் 35 இஞ்ச், அதாவது 89 செமீ தாண்டிருச்சுனா காட்ல போடாதீங்கன்னே சொல்றாங்க. மொத்தத்துல பாத்தா ரெண்டு சைஸும் கம்பி வச்ச காட்டா ஓடறது கிட்டத்தட்ட ஒரே காலந்தான்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற, என் கதைய கேளுங்க. மூத்தவனுக்கு காட் நாங்க வாங்கல, வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்த பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்தாங்க, நல்ல கனமான காட், புதுசு மாதிரி. மெத்தை மட்டும் இல்ல. சரின்னு ஆன்லைன்ல "ஸ்டாண்டர்ட் சைஸ்"னு போட்டிருந்தத ஆர்டர் பண்ணோம். கூரியர்காரன் மலைக்கு மேல வர மாட்டேன்னுட்டான், வத்தலக்குண்டு போய் எடுத்துட்டு வந்தோம், பஸ் மேல கட்டி, மழை வேற. வந்து போட்டு பாத்தா காட் உள் அளவு 132க்கு 71, அது அமெரிக்கா சைஸ். மெத்தை 120க்கு 60. கால் பக்கம் 12 செமீ, சைடுல 11 செமீ ஓட்டை. திருப்பி அனுப்ப யாரு மறுபடி வத்தலக்குண்டு போறது? ரெண்டு கம்பளிய சுருட்டி அந்த சந்துல திணிச்சுப்புட்டோம். பாக்க அழகா தான் இருந்துச்சு.

நாலாவது மாசம் புள்ள உருள ஆரம்பிச்சான். ஒரு நாள் விடியக்காலம் ஒரு மாதிரி மூச்சடைச்ச அழுகை சத்தம், எந்திரிச்சு லைட்ட போட்டா அவன் சைடுக்கு உருண்டு, மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவுல கை தோள் வரைக்கும் போயிருச்சு, மூஞ்சி அந்த கம்பளி சுருட்டுக்குள்ள. கம்பளி அவன் மூச்சுல நனைஞ்சே போயிருந்துச்சு. அந்த ஈரம் இன்னும் என் விரல்ல இருக்கு. நான் முழிச்சதால சரியாப்போச்சு.

மறுநாளே திண்டுக்கல்ல ஃபோம் கடைல 132க்கு 71 அளவுல வெட்டி வாங்கிட்டு வந்தாரு எங்க வீட்டுக்காரரு. அதனால நீங்க மொதல்ல மெத்தைய பாருங்க, அப்பறம் காட்ட பாருங்க. ரெண்டையும் சேத்து ஒரே கடைல போட்டு பாத்து வாங்குங்க. மெத்தைய ஒரு மூலைக்கு ஒதுக்கி தள்ளிட்டு எதிர்ப்பக்கம் ரெண்டு விரல் சேத்து வச்சா அதுக்கு மேல இடம் இருக்கக்கூடாது. ஐரோப்பா கணக்குல 3 செமீக்கு மேல கேப் வரக்கூடாது.

தேயிலைத்தளிர் | கோத்தகிரி
அக்கா படிக்கும்போதே வயித்த பிசையுது 😢 ரொம்ப தேங்க்ஸ். இவரு டேப்ப எடுத்து ரூம அளந்துட்டு இருக்காரு. கட்டில ஒரு பக்க சுவரோட ஒட்டி போட்டா மிச்சம் 4 அடி, 122 செமீ. 120க்கு 60 காட்னா வெளி அளவு 66 வரும்னு கடைக்காரர் சொன்னாரு, போக 56 செமீ நடக்க இருக்கும். 140க்கு 70னா வெளி அளவு 76, மிச்சம் 46. அந்த சந்துல தான் பீரோ கதவும் தொறக்கணும். ராத்திரி நாலு தடவ எந்திரிக்கணும்ங்கறாங்க, 46ல நான் இந்த வயித்தோட இல்ல, சிசேரியன் தையலோட கூட போக முடியாதுங்க. அப்ப 140 அவுட்டா? கொழுந்தனார் கோவிச்சுக்குவாரு. அந்த ஈட்டி காட் பத்தி யாராச்சும் சொல்லுங்களேன், அத்தைக்கு அது மேல அவ்ளோ ஆசை.

உளிச்சத்தம் | கூடலூர்
மேடம் நான் ஆசாரி, 22 வருசமா இதே வேலை. பங்களா சாமான் நெறைய பாத்திருக்கேன், ரிப்பேருக்கு வரும். மரத்த கொற சொல்லவே மாட்டேன், ஈட்டி ஈட்டி தான், இன்னிக்கு காசு குடுத்தாலும் அந்த மாதிரி மரம் கெடைக்காது. ஆனா கொழந்தைய படுக்க வெக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க.

ரீப்பருக்கு ரீப்பர், அதாவது பக்கத்துல நிக்கற கட்டைக்கு கட்டை, கேப் எவ்ளோனு அளங்க. ஐரோப்பா ரூல் 4.5ல இருந்து 6.5 செமீ, அமெரிக்கால 2⅜ இஞ்ச், 6 செமீக்கு மேல கூடாது. டேப் இல்லனா கூல்ட்ரிங்ஸ் டின் (ஒல்லி டின் இல்ல, குண்டு டின்) எடுத்துட்டு போங்க, அது ரீப்பர் நடுவுல நுழைஞ்சா அந்த காட் வேணாம். அந்த காலத்துல 8, 9 செமீ விட்டு அடிச்சிருப்பாங்க, ஒடம்பு கீழ போய்டும் தலை மாட்டிக்கும். ரெண்டாவது, நாலு மூலைலயும் கடைசல் குமிழ் இருக்கும் பாருங்க, அழகுக்கு வெச்சது, கொழந்தை எந்திரிச்சு நிக்கற வயசுல சட்டையோ கழுத்து கயிறோ அதுல மாட்டும். இப்ப அமெரிக்கா ரூல்படி மூலைக்கட்டை 1.5 மில்லிக்கு மேல நீட்டிட்டு இருக்கக்கூடாது. மூணாவது, ஒரு பக்கம் கீழ எறங்கற மாதிரி இருந்தா, கொக்கி வெச்சு, அது தான் இருக்கறதுலயே மோசம். கொக்கி தேய்ஞ்சிருக்கும், ஒரு பக்கம் எறங்கி மறுபக்கம் நிக்கும், நடுவுல கொழந்தை சிக்கிக்கும். அந்த மாடலயே அமெரிக்கால 2011ல விக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, 2000த்துல இருந்து 32 கொழந்தைங்க போனதுக்கு அப்பறம்.

அப்பறம் பெயிண்ட். வெள்ளையோ பச்சையோ அடிச்சிருந்தா வேணவே வேணாம். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும், பல் மொளைக்கறப்ப கொழந்தை மேல்கம்பிய கடிச்சுட்டே நிக்கும். நம்ம ஊர்ல 2017 நவம்பர்ல இருந்து தான் வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு சட்டமே வந்துச்சு.

இன்னொண்ணு, எல்லாரும் மறக்கறது, கதவு. எனக்கே நடந்துச்சு. ஒரு எஸ்டேட் குவாட்டர்ஸ்க்கு 140 சைஸ்ல சில்வர் ஓக்ல காட் செஞ்சேன், ஃபெவிகால் போட்டு ஜாயிண்ட் அடிச்சு ஸ்ட்ராங்கா. ஜீப்ல ஏத்திட்டு போனா அந்த வீட்டு கதவு 2¼ அடி, 68 செமீ. காட் 76. சாச்சு பாத்தோம், தூக்கி பாத்தோம், ஜன்னல கழட்டலாமான்னு கூட பேசினோம். கடைசில ரம்பம் வெச்சு நானே அறுத்தேன், நான் செஞ்சத நானே. அன்னிலருந்து காட்னா போல்ட் நட்டு தான், உள்ள கொண்டு போய் மாட்டறது.

கொடைக்குளிரு | கொடைக்கானல்
😂😂 ரம்பம்! ஆசாரி அண்ணே உங்க நேர்மைக்கு ஒரு கும்பிடு.

பந்தலூர்பாட்டி | பந்தலூர்
பேரன் டைப் பண்றான் நான் சொல்றேன். கண்ணு, நாங்க 74ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் எறங்கி இங்க தேயிலை தோட்டத்துக்கு வந்தோம், லயன் வீடு, ஒரே ரூம், அதுல எட்டு பேரு. நாலு புள்ளையும் தூளிலயே வளந்துச்சு. பழைய சேலை, உத்தரத்துல ஒரு கயிறு, நடுவுல ஒரு குச்சி, செலவு ஒண்ணும் இல்ல எடமும் அடைக்கல, தொழிலுக்கு போகையில மூத்தது ஆட்டிக்கிட்டு இருக்கும். இப்ப என்னடான்னா செமீங்கறீங்க மில்லிங்கறீங்க. புள்ளைக்கு எதுக்கு கண்ணு கட்டில்? அம்மாக்காரி சூடு போதாதா இந்த குளிருக்கு?

ஊட்டிமாப்ள | ஊட்டி
பாட்டி மாஸ் 🙏

வெள்ளைக்குல்லா | குன்னூர்
பாட்டிம்மா வணக்கம், நான் குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கேன், நானும் தூளில வளந்தவ தான், அத குத்தமா சொல்ல வரல. பகல்ல நீங்க பக்கத்துல உக்காந்து கண்ணு எடுக்காம பாத்துட்டு இருக்கறப்ப தூளி ஒரு மாதிரி. ராத்திரி எல்லாரும் தூங்கறப்ப அது வேற மாதிரி. தூளில குழந்தை வளைஞ்சு படுக்குது, முதல் மாசங்கள்ல கழுத்து நிக்காது, தாடை நெஞ்சுல முட்டினா மூச்சுக்குழல் மடங்கும், அழக்கூட சத்தம் வராது. அதனால தான் ராத்திரிக்கு சமமான, கெட்டியான மெத்தை, மல்லாக்க படுக்க வைக்கறது. அமெரிக்கால 1994ல மல்லாக்க படுக்க வைங்கன்னு ஊர் ஊரா பிரச்சாரம் பண்ணாங்க, தூக்கத்துல காரணமே தெரியாம குழந்தை இறந்து போறது அதுக்கப்பறம் கிட்டத்தட்ட பாதியா கொறைஞ்சுது. ஒரே கட்டில்ல பக்கத்துல போட்டுக்கறதும் வேண்டாம், ஆனா ஒரே ரூம்ல இருக்கணும், கம்மி பட்சம் ஆறு மாசம். அதுக்கு தான் தளிர் ரூம் அளவ பத்தி கவலப்படறது நியாயம்னு சொல்றேன், காட் பெருசா இருக்குன்னு அடுத்த ரூம்ல கொண்டு போய் போட்டா பிரயோஜனமே இல்ல.

பெரிய காட்ல பச்ச குழந்தைய போட்டா பயந்துடும், சின்ன தொட்டில் தான் அணைப்பா இருக்கும்னு சிலர் சொல்வாங்க. அப்படி ஒண்ணும் இல்ல. 120 ஆனாலும் 140 ஆனாலும் காட்டோட கால் பக்க கட்டைல பாதம் தொடற மாதிரி கீழ தள்ளி படுக்க வைங்க, தலைக்கு மேல காலியா இருக்கட்டும். போர்வைக்கு உள்ள நழுவி போகாது. தலைகாணி, பக்கத்துக்கு கட்டற பஞ்சு பம்பர், பொம்மை, எதுவும் உள்ள வேண்டாம். அந்த பம்பர அமெரிக்கால 2022ல சட்டமே போட்டு தடை பண்ணிட்டாங்க.

தேயிலைத்தளிர் | கோத்தகிரி
சிஸ்டர், உள்ள எதுவும் வேண்டாம்னா இந்த குளிருக்கு எப்படிங்க? சமவெளில இருக்கறவங்களுக்கு சரி. போன மார்கழில எங்க ரூம்ல கடிகாரத்துல இருக்கற தெர்மாமீட்டர் 11 காட்டுச்சு, விடிஞ்சா வெளிய புல்லு மேல உப்பு கொட்டுன மாதிரி உறைபனி. அத்தை சொல்றாங்க மெத்தைக்கு மேல இன்னொரு இலவம்பஞ்சு மெத்தை போட்டு, மேல ரெண்டு கம்பளி, தலைக்கு குல்லா, ரூம்ல கரி அடுப்புல கொஞ்சம் கணப்பு. நானும் அப்படி தான் வளந்தேன்னு இவரும் சேந்துக்கறாரு.

வெள்ளைக்குல்லா | குன்னூர்
கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், இத அத்தைகிட்ட என் பேர சொல்லியே சொல்லுங்க. கதவு ஜன்னல் சாத்தின ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கிடையாது, புகையும் கண்ணுக்கு தெரியாது, தூக்கத்துலயே ஆளு போயிடும், பெரியவங்களுக்கே அப்படி. குளிச்சு முடிச்சு சாம்பிராணி காட்டறது கூட குழந்தை மூக்கு கிட்ட வேணாம்.

புத்தகத்துல ரூம் 16ல இருந்து 20 டிகிரின்னு இருக்கும், நம்ம ஊர்ல டிசம்பர்ல அது நடக்காது, எனக்கும் தெரியும். ஹீட்டர் இருந்தா படுக்கறதுக்கு முன்னாடி ரூம சூடு பண்ணிக்கோங்க, காட்டுக்கு தள்ளி. குழந்தைக்கு உடம்போட ஒட்டி காட்டன், மேல முழுக்கை, அதுக்கு மேல கம்பளி சட்டை, அப்பறம் கை வெளிய வர்ற மாதிரி தூங்கற பை, சாக்கு மாதிரி தைச்சது, கடைல ஸ்லீப்பிங் பேக்னு கேளுங்க. அது மூஞ்சிக்கு ஏறாது. போர்வை போட்டே ஆகணும்னா மெல்லிசா, நெஞ்சு வரைக்கும், மூணு பக்கமும் மெத்தைக்கு அடில சொருகிடுங்க. தூங்கறப்ப குல்லா வேணாம், அது நழுவி மூக்குல விழும், குழந்தைக்கு சூடு அதிகமானா நெறைய வெளியேறது தலை வழியா. கை கால் ஜில்லுன்னு இருக்குன்னு பயந்து ஒண்ணு மேல ஒண்ணு சுத்தாதீங்க, அது சகஜம். பின் கழுத்துலயோ நெஞ்சுலயோ கைய வெச்சு பாருங்க, வேர்த்திருந்தா ஒரு சட்டைய கழட்டுங்க. அதிக சூடும் ஆபத்து தான், நம்ம மலைல யாரும் இத நம்ப மாட்டாங்க.

உளிச்சத்தம் | கூடலூர்
இலவம்பஞ்சு மெத்தை பத்தி நான் ஒண்ணு சொல்றேன். காட் பலகைல இருந்து மேல்கம்பி வரைக்கும் 60 செமீ வெச்சு செய்வோம், அடிமட்ட லெவல்ல. 10 செமீ மெத்தை போட்டா 50 நிக்கும். நீங்க அதுக்கு மேல இன்னொரு 10 போட்டா 40 தான். நிக்க பழகின கொழந்தைக்கு 40 ஒரு வேலியே இல்ல, இடுப்புக்கு கீழ வந்துரும், தலைகுப்புற வெளிய விழும். மெத்தை ஒண்ணே ஒண்ணு, அதுவும் கைய வெச்சு அழுத்தி எடுத்தா ஒடனே எழும்பணும், பள்ளம் நின்னா சாஃப்ட். காட்ல பலகைய ரெண்டு மூணு ஒயரத்துல மாட்டற மாதிரி வாங்குங்க. பச்ச கொழந்தைக்கு மேல் லெவல், குனிய வேணாம். முட்டி போட்டு எழும்ப ஆரம்பிச்ச அன்னிக்கே கீழ எறக்கிடணும்.

அடி பலகை ஃபுல் ப்ளைவுட் போடாதீங்க, ரீப்பரா இருக்கட்டும். இந்த ஈர வாடைல ப்ளை மேல போட்ட மெத்தை அடில ஒரு மழைக்கே பூசணம் பூக்கும், கறுப்பா புள்ளி புள்ளியா. வாரம் ஒரு தடவ மெத்தைய நிமித்தி சாச்சு வைங்க. வெளிச்சுவரோட ஒட்டி காட்ட போடாதீங்க, சுவரே வேர்க்குது நம்ம ஊர்ல. ஜன்னலுக்கு அடியிலயும் வேணாம், கர்ட்டன் கயிறு கைக்கு எட்டும்.

தேயிலைத்தளிர் | கோத்தகிரி
அப்டேட். நேத்து இவரும் நானும் அந்த ஈட்டி காட்ட பாக்க போனோம், கைல டேப், ஒரு கூல்ட்ரிங்ஸ் டின். (டின்ன பாத்து வாட்ச்மேன் தாத்தா "உள்ள குடிக்க கூடாது"ன்னாரு.) அத்தையும் வந்தாங்க. டின் ரீப்பர் நடுவுல போய் அந்தப்பக்கம் விழுந்து உருண்டுச்சு, 8½ செமீ. உள் அளவு 4 அடி 5 இஞ்ச்க்கு 2 அடி 2 இஞ்ச், எந்த மெத்தையும் அதுக்கு சேராது, 120க்கு 60 போட்டா கால் பக்கம் 14, 15 செமீ நிக்கும். மூலைல குமிழ் நாலும் இருந்துச்சு. ஒரு பக்கம் கொக்கி, இவரு லேசா தட்டினதும் டமால்னு எறங்குச்சு, எறங்குன சத்தத்துல அத்தை ரெண்டு அடி பின்னாடி போனாங்க. நாங்க ஒரு வார்த்தை பேசல. அவங்களே "சரி, இதுல புள்ளைய போட வேணாம்"னாங்க. ஆனா அட்வான்ஸ் திரும்ப வராதாம், அதனால மிச்ச காசையும் குடுத்து வாங்கியே தீருவேன்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டாங்க!! வராந்தால இருக்கு.

கொழந்தைக்கு 120க்கு 60 முடிவு பண்ணிட்டோம். கோயம்புத்தூர்ல போய் மெத்தையோட சேத்து போட்டு பாத்து வாங்கினோம், பிரிச்சு பெட்டில குடுத்தாங்க, வீட்டு கதவ அளந்துட்டு தான் போனேன் ஆசாரி அண்ணா. ரெண்டு விரல் டெஸ்ட்ல ஒரு விரல் கூட கஷ்டப்பட்டு தான் போச்சு. கொழுந்தனார்கிட்ட 140 கட்டிலுக்கு பதிலா ரூம் ஹீட்டர் கேட்டேன், மொதல்ல மூஞ்சிய தூக்கினாரு, அப்பறம் ஒத்துக்கிட்டாரு.

பந்தலூர்பாட்டி | பந்தலூர்
பகலுக்கு தூளி கட்டிக்க கண்ணு. நான் வந்து ஆட்டுறேன். நர்ஸம்மா சொன்ன மாதிரி கண்ணு எடுக்காம.

வெள்ளைக்குல்லா | குன்னூர்
பாட்டிம்மா ❤️

உளிச்சத்தம் | கூடலூர்
மேடம் அந்த ஈட்டிய என்ன பண்ண போறீங்க? வெலைக்கு தந்தா நான் எடுத்துக்கறேன், பிரிச்சு நல்ல பலகையா ஒரு ஆடுற நாற்காலி செய்யலாம். ஒரு ஃபோட்டோ அனுப்புங்க.

தேயிலைத்தளிர் | கோத்தகிரி
அண்ணா அத்தைகிட்ட தான் கேக்கணும். இப்போதைக்கு அதுல ரெண்டு மூட்டை கேரட் படுத்திருக்கு.